பி.இ. (பயோஈக்விவலன்ஸ்) ஸ்டடியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் குலுக்கல்: எப்போது வேண்டும், எப்படிப் போடுவது

வாலண்டியர்கள் 28 பேர். 16 ஆண், 12 பெண். டெஸ்ட் மாத்திரை (புதுத் தயாரிப்பு), ரெஃபரன்ஸ் மாத்திரை (ஏற்கெனவே உள்ள மூல மருந்து) இரண்டும் ரத்தத்தில் ஒரே அளவு மருந்தைச் சேர்க்கின்றனவா என்று, ஒரே ஆளுக்கு இரண்டையும் வெவ்வேறு நாளில் கொடுத்துப் பார்க்கும் கிராஸ்ஓவர் ஸ்டடி. யாருக்கு எது முதலில் என்ற குலுக்கல் பட்டியல் ஒன்றா, இரண்டா? புரோட்டோகால் (ஸ்டடித் திட்டம்) எழுத உட்காரும்போது இந்தக் கேள்வி வந்தே தீரும். "ரெண்டு போட்டுக்கலாம், சேஃப்" என்றுதான் பெரும்பாலும் முடிவாகும். முடிவில் தப்பில்லை. எதிலிருந்து சேஃப் என்று தெரியாமல் போடுவதில்தான் சிக்கல். பட்டியல் ஒழுங்காக இருக்கும், அனாலிசிஸ் எழுதும்போது சொதப்பும்.

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் ஆள் திரட்டும் குழுக்களை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். கணக்கும் விதியும் எங்கும் ஒன்றுதான். ஆள் வருகிற விதம்தான் ஊருக்கு ஊர் மாறும்.

தராசும் தேங்காயும்

பொள்ளாச்சியில் ஒரு தேங்காய் மண்டி, அதில் இரண்டு தராசு. இரண்டும் ஒரே எடைதான் காட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு காயையும் இரண்டு தராசிலும் வைத்துப் பார்த்தால் காய் பெரிசா சிறுசா என்ற கவலையே இல்லை. அது கிராஸ்ஓவர். பாதிக் காயை இந்தத் தராசிலும் மீதியை அந்தத் தராசிலும் நிறுத்துச் சராசரியை ஒப்பிட்டால் கதை வேறு. பெரிய காயெல்லாம் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டால் நல்ல தராசும் கள்ளத் தராசாகத் தெரியும். அது பேரலல்.

இதை எண்ணில் பார்ப்போம். ஒரே டோஸ் மாத்திரையில் பெண்களின் ஏயூசி (ரத்தத்தில் மொத்தமாகச் சேர்ந்த மருந்தின் அளவு) 500, ஆண்களின் ஏயூசி 350 என்று வைத்துக்கொள்வோம். இப்படி வித்தியாசம் வருவது சகஜம்: உடல் எடை குறைவு, இரைப்பை காலியாகும் வேகம் வேறு, ஈரல் நொதிகளின் வேகம் வேறு. சோல்பிடெம் தூக்க மாத்திரையில் பெண்களின் ரத்தத்தில் மறுநாள் காலை வரை மருந்து கூடுதலாகத் தங்குகிறது என்பதால்தான் 2013-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பெண்களுக்கான ஆரம்ப டோஸை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது.

கிராஸ்ஓவரில் ஒரு பெண்ணுக்கு டெஸ்ட் 520, ரெஃபரன்ஸ் 500. ஓர் ஆணுக்கு டெஸ்ட் 364, ரெஃபரன்ஸ் 350. இருவருக்குமே விகிதம் 1.04. ஆண், பெண் வித்தியாசம் விகிதத்தில் தானாகவே அடிபட்டுப் போகிறது.

அதே மருந்தைப் பேரலலில் பார்ப்போம். கைக்கு (குழுவுக்கு) 20 பேர். டெஸ்ட் கையில் 10 பெண், ரெஃபரன்ஸ் கையில் 4 பெண் விழுந்துவிட்டார்கள். இரண்டு மாத்திரையும் அச்சு அசலாக ஒன்றே என்று வைத்தாலும், டெஸ்ட் கையின் பெருக்குச் சராசரி 418, ரெஃபரன்ஸ் கையின் சராசரி 376. விகிதம் 111.3%. மாத்திரையில் குறையே இல்லை, ஆள் பிரிந்த விதத்திலேயே 11 சதவீதம் ஏறிவிட்டது. 90% நம்பக இடைவெளி (உண்மையான விகிதம் இருக்கக்கூடிய எல்லை) 80.00-க்கும் 125.00-க்கும் நடுவில் அடங்க வேண்டிய ஸ்டடியில் இந்த 11 கொஞ்சநஞ்சமல்ல.

ஆகவே பேரலல் ஸ்டடியில் ஆண்-பெண் அடுக்குப் பிரித்து, அதாவது தனித்தனிப் பட்டியலாகக் குலுக்குவது கட்டாயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அமியோடரோன் மாதிரி உடம்பை விட்டு வெளியேற வாரக்கணக்கில் ஆகும் மருந்துகளில் பேரலல்தான் வழி, அங்கே இதில் விளையாடக் கூடாது. கிராஸ்ஓவரில் இது நல்ல பழக்கம், அவ்வளவே. முக்கிய முடிவைக் காப்பாற்றுகிற வேலை இதற்கு அங்கே இல்லை.

அப்படியானால் கிராஸ்ஓவரில் எதற்கு?

இரண்டு காரணம். ஒன்று, சீக்வன்ஸ் (எந்த மாத்திரை முதலில் என்ற வரிசை) எஃபெக்ட் என்ற தலைவலி. 28 பேரை 14-14 ஆகச் சும்மா குலுக்கினால், 12 பெண்களும் 6-6 ஆகப் பிரிய வாய்ப்பு 30 சதவீதம்தான். 8-4 அல்லது அதைவிட மோசமாகப் பிரிய வாய்ப்பு 25 சதவீதம். 9-3 அல்லது அதைவிட மோசம் 5.4 சதவீதம், அதாவது சுமார் 18 ஸ்டடிக்கு ஒன்று. 9-3 ஆகிவிட்டால் மேலே சொன்ன 500, 350 கணக்கில், பெண் அதிகமுள்ள வரிசையின் சராசரி மற்றதைவிட 16.5% உயரமாக நிற்கும். அனோவா (வித்தியாசம் எதிலிருந்து வந்தது என்று பிரிக்கும் கணக்கு) அட்டவணையில் சீக்வன்ஸ் வரி சிவப்பு காட்டலாம். உடனே ஆய்வாளர் "கேரிஓவரா, முதல் மருந்தின் மிச்சமா?" என்று கேட்பார். அது கேரிஓவர் இல்லை, பெண்கள் ஒரு பக்கம் குவிந்ததால் வந்தது என்று நிரூபிக்க, பீரியடு 2-ல் (இரண்டாவது முறை) மருந்து கொடுக்கும் முன் எடுத்த ரத்த மாதிரியில் ஒவ்வொருவருக்கும் அளவு சிமேக்ஸில் (மருந்தின் உச்ச அளவில்) 5 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று எடுத்துக்காட்டி, பதில் எழுதி, மாதக்கணக்கில் கடிதப் போக்குவரத்து. பட்டியல் இரண்டு போட்டிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

இரண்டாவது, ஆண்-பெண் வாரியாகத் தனியே பார்க்கச் சொன்னால் தயாராக இருப்பது. மருந்துக்கும் பாலினத்துக்கும் ஊடாட்டம் (ஆணிடம் ஒரு மாதிரி, பெண்ணிடம் வேறு மாதிரி ஆவது) அரிது, ஆனால் இல்லாத ஒன்றல்ல. ரானிடிடினோடு பாலிஎத்திலீன் கிளைக்கால் 400 சேர்த்துக் கொடுத்த ஆய்வில் ஆண்களிடம் உறிஞ்சுதல் கூடியது, பெண்களிடம் கூடவில்லை. துணைப்பொருள் மாறினால் இப்படியும் நடக்கலாம் என்பதற்கு இது ஒன்றே போதும். பெண்கள் எல்லாம் ஒரே வரிசையில் விழுந்திருந்தால், பெண்களிடம் தெரிகிற வித்தியாசம் மருந்தாலா பீரியடாலா என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

படி 1: யார், எத்தனை பேர்

முதலில் மருந்து யாருக்கானது என்று பாருங்கள். கருத்தடை மாத்திரை என்றால் பெண்கள் மட்டும், ஃபினாஸ்டரைடு என்றால் ஆண்கள் மட்டும், அங்கே அடுக்கே கிடையாது. ஐசோட்ரெட்டினாயின் போலக் கருவைப் பாதிக்கும் மருந்து என்றால் கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்களைச் சேர்ப்பது பற்றி எதிக்ஸ் கமிட்டி முன்னால்தான் பேச வேண்டும். இருபாலருக்கும் உள்ள மருந்து என்றால் இரண்டு பேரும் வேண்டும். எஃப்.டி.ஏ. ஏறத்தாழச் சம விகிதத்துக்கு முயலச் சொல்கிறது. 2024-ல் இறுதியான ஐ.சி.ஹெச். (மருந்து விதிகளை ஒத்திசைக்கும் சர்வதேச அமைப்பு) வழிகாட்டுதல் எம்13ஏ-வும் இருபாலரையும் சேர்க்கப் பரிந்துரைக்கிறது.

எத்தனை பேர் என்பது ஆளுக்குள் மாறுபாட்டைப் பொறுத்தது. விகிதம் 0.95, பவர் (ஸ்டடி பாஸ் ஆகும் வாய்ப்பு) 80% என்று வைத்தால், 2×2 (இரண்டு வரிசை, இரண்டு பீரியடு) கிராஸ்ஓவரில் சிவி (அந்த மாறுபாடு) 20 சதவீதத்துக்கு 20 பேர், 25-க்கு 28 பேர், 30-க்கு 40 பேர். இது மொத்த எண்ணிக்கை. "ஆணுக்கு 28, பெண்ணுக்கு 28" என்று தனித்தனியாகக் கணக்கிடத் தேவையில்லை, அடுக்குப் பிரிப்பதால் சாம்பிள் சைஸ் கூடாது.

ஒரு சின்ன விதி மட்டும்: ஒவ்வொரு அடுக்கின் எண்ணும் பிளாக் (வரிசைகளைச் சமமாகப் பிரித்துக் குலுக்கும் சிறு கூட்டம்) அளவால் மீதமின்றி வகுபட வேண்டும். 4 ஆள் பிளாக் என்றால் 16-ம் 12-ம் அழகு. 15-ம் 13-ம் தொல்லை.

புரோட்டோகாலில் "14 ஆண், 14 பெண்" என்று ஆணி அடித்து வைக்காதீர்கள். பெண்களில் ஸ்கிரீனிங்கிலேயே கழிகிறவர்கள் அதிகம், முக்கியமாக ஹீமோகுளோபினால். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் கர்ப்பமில்லாத பெண்ணுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழ், ஆணுக்கு 13-க்குக் கீழ் என்றால் ரத்தசோகை. இரண்டு பீரியடிலும் சேர்த்து 40 குத்து, குத்துக்கு 5 மில்லி என்றால் 200 மில்லி ரத்தம். அந்த வரம்பை நீங்களும் தளர்த்தக் கூடாது, எண்ணிக்கைக்காக எவரும் தளர்த்தச் சொல்லவும் கூடாது. அதனால் இப்படி எழுதுங்கள்: "மொத்தம் 28 பேர். இருபாலரிலும் தலா குறைந்தது 8 பேராவது இருக்க முயற்சி செய்யப்படும். பால் அடிப்படையில் அடுக்கு பிரித்து, ஒவ்வொரு அடுக்கிலும் இரு வரிசைகளுக்கும் சமமாக ஒதுக்கப்படும்." ஆள் கிடைக்கவில்லை என்றால் டீவியேஷன் (திட்டத்திலிருந்து விலகல்) ஆகாது.

இங்கே ஆள் திரட்டுவதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பனியன் கம்பெனி வேலைக்குப் போகிற பெண்கள் சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டுதான் வருவார்கள், ஞாயிறு தவிர வேறு நாளில் லீவு எடுத்தால் கூலி போகும். வாஷ்அவுட் (இரண்டு மருந்துக்கும் நடுவில் விடும் இடைவெளி) 7 நாள் என்று வைத்து இரண்டு பீரியடையும் சனி இரவில் செக்-இன் ஆகும்படி அமைத்தால் பெண்கள் அடுக்கில் டிராப்அவுட் குறையும். ஊரில் மாரியம்மன் நோம்பி எப்போது என்பதையும் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். பீரியடு 2 நோம்பியன்று விழுந்தால் ஒரே ஊர்க்காரர்கள் வண்டியோடு வராமல் போவார்கள். ஒரே ஊரிலிருந்து பெண்கள் கூட்டமாக வந்திருந்தால் அந்த அடுக்கே பாதியாகிவிடும்.

படி 2: பிளாக்

இரண்டு வரிசை: முதலில் டெஸ்ட், பிறகு ரெஃபரன்ஸ் என்பதை டெ-ரெ என்போம். மற்றது ரெ-டெ. 4 ஆள் பிளாக்கில் இரண்டு டெ-ரெ, இரண்டு ரெ-டெ இருக்கும். அதை 6 விதமாக அடுக்கலாம். கணினி அந்த ஆறில் ஒன்றைப் பொறுக்கும்.

பெண்கள் பட்டியல் இப்படி வரும்:

2001 டெ-ரெ
2002 ரெ-டெ
2003 ரெ-டெ
2004 டெ-ரெ
2005 ரெ-டெ
2006 ரெ-டெ
2007 டெ-ரெ
2008 டெ-ரெ

இதேபோல 2012 வரை. ஆண்களுக்கு 1001-லிருந்து. எண்ணின் முதல் இலக்கத்தைப் பார்த்ததும் அடுக்கு தெரிய வேண்டும். 001-லிருந்து 028 வரை ஒரே தொடராகப் போட்டு "முதல் 16 ஆண்" என்று வைத்தால் செக்-இன் இரவில் 017-ஐ ஆணுக்குக் கொடுத்துவிடுவார்கள், கேரண்டி.

எண்ணிக்கை வட்டமாக முடியாவிட்டால் என்ன ஆகும்? 4 பிளாக்கில் ஓர் அடுக்குக்கு அதிகபட்சம் 2 ஆள் வித்தியாசம். இரண்டு அடுக்கு என்றால் மோசமான நிலையில் 4. இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்: 14-14-க்குப் பதில் 15-13 ஆனால் ஸ்டாண்டர்டு எரர் கூடுவது கால் சதவீதம்தான்.

வரிசைகள் கூடினால் பிளாக்கும் கூடும். டெ-ரெ-ரெ, ரெ-டெ-ரெ, ரெ-ரெ-டெ என்ற பார்ஷியல் ரெப்ளிகேட்டுக்கு பிளாக் 3 அல்லது 6. மூன்று மருந்து வில்லியம்ஸ் டிசைனில் 6 வரிசை, பிளாக் 6. அங்கே பெண்கள் 8 பேர்தான் என்றால் ஒரு முழு பிளாக்கும் ஒரு மூளிப் பிளாக்கும் ஆகும். அப்போது அடுக்குப் பிரிக்காமல் விடுவதே மேல்.

வயது, எடை, புகைப்பழக்கம் என்று இன்னும் அடுக்கு சேர்க்க ஆசை வரும். வேண்டாம். 28 பேரை நான்காய், எட்டாய்ப் பிளந்தால் ஒவ்வொரு மூலையிலும் மூளிப் பிளாக்தான் மிஞ்சும். வாலண்டியரை இரண்டு குரூப்பாக இரண்டு வாரத்தில் எடுப்பதென்றால் குரூப்பும் பாலும் சேர்ந்து நான்கு அடுக்கு ஏற்கெனவே ஆகிவிட்டது. மோசமான நிலையில் 8 ஆள் வித்தியாசம் வரலாம். அங்கே ஒவ்வொரு குரூப்பிலும் ஆண் 8, பெண் 4 அல்லது 8 என்று முன்கூட்டியே வட்டமாக்குங்கள். முதல் குரூப் முழுக்க ஆண், இரண்டாவது முழுக்கப் பெண் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். தங்குமிட வசதிக்காக அப்படிச் செய்வதுண்டு, ஆனால் பிறகு குரூப்பால் வந்ததா பாலால் வந்ததா என்று எந்தக் கணக்கும் பிரித்துச் சொல்லாது.

படி 3: பட்டியல் உண்டாக்குவது

சாஸ் மென்பொருள் இருந்தால் அதில் பிராக் பிளான், ஆர் மொழி இருந்தால் அதற்கான பேக்கேஜ். எக்செலில் ரேண்டம் ஃபங்ஷன் போட்டு வரிசைப்படுத்துவதைத் தயவுசெய்து விடுங்கள். ஷீட்டில் எங்கே கை வைத்தாலும் எண் மாறும், நேற்றைய பட்டியலை இன்று திரும்ப எடுக்க முடியாது.

இரண்டு அடுக்குக்கும் சீடு எண் (குலுக்கலைத் தொடங்கிவைக்கும் எண்) தனித்தனி. ஒரே சீடை இரண்டுக்கும் கொடுத்தால் ஆண் பட்டியலும் பெண் பட்டியலும் அச்சடித்த மாதிரி ஒன்றாக வரும். 1001-ம் 2001-ம் ஒரே வரிசை, 1002-ம் 2002-ம் ஒரே வரிசை என்று போகும். பார்த்த உடனே தெரிந்துவிடும், ஆனால் யாரும் பார்ப்பதில்லை. சீடோடு மென்பொருள் வெர்ஷனையும் எழுதி வையுங்கள். ஆர் மொழியில் 2019-ல் வந்த 3.6.0 வெர்ஷனில் சாம்பிள் ஃபங்ஷனின் உள்முறை மாறியது. அதே சீடு பழைய வெர்ஷனில் ஒன்று தரும், புதியதில் வேறொன்று தரும். ஆடிட்டர் முன்னால் ஓட்டிக் காட்டும்போது பட்டியல் பொருந்தாவிட்டால் முகத்தில் ஈயாடாது.

தேவைக்கு மேல் ஒரு பிளாக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்: ஆணுக்கு 20 எண், பெண்ணுக்கு 16. பெண்கள் 11 பேர்தான் வந்தார்கள், ஆண்கள் 17 பேர் என்றால் புதிதாகப் பட்டியல் போட வேண்டியிருக்காது.

பட்டியலை ஒருவர் உண்டாக்குவார், இன்னொருவர் சரிபார்ப்பார். சரிபார்ப்பது என்றால் கையெழுத்துப் போடுவது அல்ல. ஒவ்வொரு பிளாக்கிலும் இரண்டு டெ-ரெ, இரண்டு ரெ-டெ இருக்கிறதா, எண் விட்டுப்போகவில்லையா, சீடை வைத்துத் திரும்ப ஓட்டினால் அதே பட்டியல் வருகிறதா என்று மூன்றையும் பார்ப்பது. பட்டியல் பார்மசிக்குப் போகலாம். ரத்த மாதிரியை அளக்கும் லேபுக்குப் போகக் கூடாது. செக்-இன் மேசைக்கும் போகக் கூடாது. பிளாக் 4 என்பதைக்கூட அந்த மேசையில் இருப்பவர் அறியாமல் இருப்பது நல்லது, எல்லாருக்கும் ஒரே காலையில் மருந்து கொடுக்கும் ஸ்டடியில் அந்த ஆபத்து குறைவுதான் என்றாலும். பேரலலில் மாதக்கணக்கில் ஆள் சேர்ப்பதென்றால் 4-ம் 6-ம் கலந்த பிளாக்குகள் போடுங்கள்.

படி 4: செக்-இன் இரவும் மருந்து கொடுக்கும் காலையும்

நடைமுறையில் பிழை நடப்பது இங்கேதான். எண்ணை எப்போது கொடுப்பது என்று முதலில் தீர்மானியுங்கள். செக்-இன் இரவில் கொடுத்துவிட்டால், விடிகாலை சிறுநீர்க் கர்ப்பப் பரிசோதனை, ரத்தஅழுத்தம், காய்ச்சல் எதனாலாவது ஒருவர் கழிந்தால் அந்த எண் ஓட்டையாகும். எல்லாப் பரிசோதனையும் முடிந்து, மருந்து கொடுக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது, அந்தந்த அடுக்கில் வரிசைப்படி கொடுப்பதே உத்தமம்.

வாலண்டியர்களும் கேட்பார்கள்.

"ஏனுங் சார், நானும் அவரும் ஒண்ணாத்தான் வந்தமுங்க. அவருக்கு ஆயிரத்து ஏழு, எனக்கு மட்டும் ரெண்டாயிரத்து மூணுங்களா?"

"அது ஒண்ணுமில்லீங்கம்மா, ஆம்பளைங்களுக்கு ஒரு வரிசை, பொம்பளைங்களுக்கு ஒரு வரிசைங்க. ரெண்டு பேருக்கும் ரெண்டு மாத்திரையும் உண்டுங்க. எது முன்னால எது பின்னாலங்கறதுதான் குலுக்கல்ல வருமுங்க."

இந்த விளக்கம் சம்மதப் படிவத்தின் தமிழ்ப் பிரதியிலேயே இரண்டு வரியாக இருக்க வேண்டும். "சமவாய்ப்பாக்கம்" என்று எழுதினால் படிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது, "குலுக்கல்" என்றே எழுதுங்கள். கர்ப்பப் பரிசோதனை ஒவ்வொரு பீரியடிலும் உண்டு என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். செக்-இன் இரவில் முதன்முறை கேள்விப்பட்டு எழுந்து போகிறவர்கள் இருப்பார்கள்.

ஸ்டாண்ட்பை ஆட்களையும் அடுக்கு பார்த்து வையுங்கள்: 2 ஆண், 2 பெண். மருந்து கொடுக்கும் முன் 2005 கழிந்தால், பெண் ஸ்டாண்ட்பை அந்த எண்ணையே எடுத்துக்கொள்வார். பெண் ஸ்டாண்ட்பை இல்லை, ஆண்தான் இருக்கிறார் என்றால் அவருக்கு 2005 கொடுக்கக் கூடாது. ஆண் பட்டியலில் அடுத்த எண், அதாவது 1017. 2005 காலியாகவே கிடக்கட்டும்.

அப்படியும் ஒரு பெண்ணுக்கு 1009 போய்விட்டது, மருந்தும் கொடுத்தாயிற்று என்றால்? எதையும் திருத்தப் போகாதீர்கள். அடுத்து வரும் ஆணுக்கு 2000 வரிசை எண்ணைக் கொடுத்து "சரிக்கட்டுவது" பிழையை இரண்டாக்கும். அவர் உண்மையில் வாங்கிய வரிசைப்படியே அவரது டேட்டா போகும், பால் என்ற பத்தியில் உண்மையான பால் இருக்கும், டீவியேஷன் அறிக்கையில் நடந்தது நடந்தபடி இருக்கும். கிராஸ்ஓவரில் இதனால் விகிதத்துக்கு ஒரு சேதமும் இல்லை.

படி 5: டிராப்அவுட்

பீரியடு 1 மருந்து வாங்கிய பிறகு போகிறவரின் எண்ணுக்கு வேறொருவரைப் போடுவது எளிதான காரியமல்ல. புரோட்டோகாலில் முன்பே அனுமதி இருந்தாலொழியச் செய்யாதீர்கள். அதைவிட, தொடக்கத்திலேயே கூடுதல் ஆள் எடுப்பது மேல். கூடுதலை முழுக்க ஆணாக எடுக்கும் பழக்கம் உண்டு, சுலபமாகக் கிடைப்பார்கள் என்று. ஆனால் ஓட்டை விழுவது எந்த அடுக்கில் என்று பாருங்கள். பீரியடு 2 கர்ப்பப் பரிசோதனை, ஹீமோகுளோபின் இறக்கம் ஆகிய இரண்டும் பெண்கள் அடுக்கைத்தான் அதிகம் தொடும். 28 வேண்டும் என்றால் ஆண் 16, பெண் 16 என்று 32 எடுப்பது நியாயமான கணக்கு.

டிராப்அவுட்டால் அடுக்குக்குள் 6-6 என்பது 5-6 ஆனால் ஆகட்டும். சமன்செய்ய இன்னொருவரை வேண்டுமென்றே நீக்குவது மோசடி.

படி 6: அனாலிசிஸ்

1998-ல் வந்த ஐ.சி.ஹெச். இ9 ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: குலுக்கலில் எந்தக் காரணியை வைத்து அடுக்கு பிரித்தீர்களோ, அதை அனாலிசிஸிலும் கணக்கில் எடுங்கள். இதைப் படித்துவிட்டுக் கிராஸ்ஓவர் மாடலுக்குள் பாலை எப்படியாவது திணிக்க வேண்டும் என்று துடிக்கிறவர்கள் உண்டு. நிதானம்.

வழக்கமான 2×2 மாடலில் நான்கு வரி: சீக்வன்ஸ், சீக்வன்ஸுக்குள் சப்ஜெக்ட், பீரியடு, மருந்து. ஐரோப்பிய மருந்து முகமையான ஈ.எம்.ஏ.-வின் 2010 வழிகாட்டுதல் இவை எல்லாவற்றையும் ஃபிக்ஸ்டாகவே (நிலையான காரணிகளாகவே) வைக்கச் சொன்னது. ஒவ்வோர் ஆளும் ஒரு வரியாக ஏற்கெனவே மாடலில் இருப்பதால், அவர் ஆணா பெண்ணா என்பது அந்த வரிக்குள்ளேயே அடங்கிவிட்டது. பால், பால்-சீக்வன்ஸ் என்று இரண்டு வரி மேலே சேர்த்தால் சப்ஜெக்ட்டின் டிகிரி ஆஃப் ஃப்ரீடம்தான் அங்கிருந்து இங்கே போகும். விகிதமும் ரெசிடுவலும் (மிச்சப் பிழையும்) நம்பக இடைவெளியும் இம்மியும் மாறாது. ஆகவே இப்படி எழுதினால் போதும்: "பால் அடிப்படையிலான அடுக்கு, சப்ஜெக்ட் விளைவின் வழியாக மாடலில் கணக்கில் எடுக்கப்பட்டுள்ளது." சேர்த்தே ஆக வேண்டும் என்று ஸ்பான்ஸர் நின்றால் சேர்த்துக்கொள்ளலாம், கெடுதல் இல்லை.

கெடுதல் அடுத்த படியில்: பால்-மருந்து ஊடாட்டத்தை முக்கிய மாடலில் போடுவது. ஆண்கள் 16 பேரிடம் விகிதம் 0.97, பெண்கள் 12 பேரிடம் 1.09 என்று வைப்போம். வழக்கமான மாடல் ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ற எடையில் கலந்து 101.97% தரும். ஊடாட்ட வரி உள்ளே இருந்தால் மென்பொருளின் எல்எஸ் மீன்ஸ் (மாடல் கணக்கிடும் சராசரி) ஆணுக்குப் பாதி, பெண்ணுக்குப் பாதி என்று எடை போட்டு 102.83% தரும். ஒரு சதவீதம்கூட இல்லை என்று தோன்றும். ஆனால் மேல் எல்லை 124.30-ல் நின்றிருந்த ஸ்டடியில், இடைவெளியின் அகலம் அப்படியே இருந்தாலும், அது 125.34 ஆகிவிடும். பாஸ் ஆன ஸ்டடி ஃபெயில். டேட்டா ஒன்றுதான், ஒரு வரி கூடியதுதான் மாற்றம். ஆகவே ஊடாட்டத்தைத் தனி மாடலில், "ஆராய்வுக்காக மட்டும்" என்ற தலைப்பில், டேட்டா பார்ப்பதற்கு முன்பே எழுதிய திட்டப்படி ஓட்டுங்கள்.

அதைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. இரு பாலரும் சமமாக இருந்தாலும், ஆண் விகிதத்துக்கும் பெண் விகிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் ஸ்டாண்டர்டு எரர், மொத்த விகிதத்தின் எரரைப் போல் இரண்டு மடங்கு. 28 பேருக்குத் திட்டமிட்ட ஸ்டடியால் ஊடாட்டத்தைக் கண்டுபிடிக்கவும் முடியாது, இல்லை என்று நிரூபிக்கவும் முடியாது. 5% அளவில் சோதித்தால், ஊடாட்டமே இல்லாத 20 ஸ்டடியில் ஒன்று சும்மாவே "உண்டு" என்று காட்டும். பெண்களை மட்டும் தனியே எடுத்து 80-125-க்குள் அடங்குகிறதா என்று பார்ப்பதும் அதே கதை. 12 பேரில் இடைவெளி அகலமாகத்தான் வரும், அதற்கு மருந்தைக் குறை சொல்ல முடியாது. ஏயூசி, சிமேக்ஸ் இரண்டிலும் ஒரே திசையில், பெரிய அளவில், உறிஞ்சுதல் சார்ந்த காரணத்தோடு வந்தால் மட்டும் ஃபார்முலேஷன் குழுவைக் கூப்பிடுங்கள். குறிப்பாகத் துணைப்பொருள் பட்டியலைப் பாருங்கள்.

பேரலலில் நிலைமை தலைகீழ். அங்கே சப்ஜெக்ட் வரி கிடையாது, பாலை மாடலில் போட்டே ஆக வேண்டும். அடுக்கு பிரித்துவிட்டு மாடலில் விட்டால், ஆண்-பெண் வித்தியாசம் முழுக்க ரெசிடுவலில் போய் உட்காரும். விகிதம் சரியாக இருக்கும், இடைவெளி மட்டும் தேவையில்லாமல் அகலும். முன்னே சொன்ன 500, 350 கணக்கில் அந்த அகலம் ஸ்டடியைக் கவிழ்க்கவும் கூடும். எடையையும் கோவேரியட்டாகச் சேர்ப்பதா என்பதைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். முடிவு பார்த்த பிறகு சேர்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அறிக்கையில்

டெமோகிராஃபி அட்டவணையை மொத்தமாக மட்டும் கொடுக்காமல், வரிசை வாரியாகவும் பால் வாரியாகவும் நான்கு கட்டமாகக் கொடுங்கள்: டெ-ரெ ஆண் 8, டெ-ரெ பெண் 6, ரெ-டெ ஆண் 8, ரெ-டெ பெண் 6. கடைசியில் அனாலிசிஸுக்கு வந்தவர்களுக்கும் அதே நான்கு கட்டம். இந்த எட்டு எண்கள் ஒரே பக்கத்தில் இருந்தால் சீக்வன்ஸ் பற்றிய கேள்விக்குப் பாதி பதில் கேட்கும் முன்பே கிடைத்துவிடும். சீடு எண், மென்பொருள் வெர்ஷன், பிளாக் அளவு, பயன்படாத எண்கள் எவை, எதனால் என்பவையெல்லாம் பின்னிணைப்பில் பட்டியலோடு சேர்ந்து போக வேண்டும். 2005 காலி என்றால் "டோஸுக்கு முன் விலகினார், பெண் ஸ்டாண்ட்பை இல்லை, அடுத்த ஆள் 1017" என்று ஒரு வரி. அந்த வரி இல்லாத பட்டியலைத்தான் ஆடிட்டர் முதலில் கையில் எடுப்பார்.